மழைக்கு முன் பறித்தாக வேண்டும்: ரத்னகிரி அல்போன்சாவின் ஓராண்டுக் கணக்கு

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில், மேற்கே அரபிக் கடலும் கிழக்கே சஹ்யாத்ரி மலையும் நெருக்கிப் பிடித்திருக்கும் மாவட்டம் ரத்னகிரி. பரப்பு 8,208 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 16 லட்சம்; அதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் கிராமவாசிகள். நெல், முந்திரி, தென்னை, பாக்கு, மீன் என்று பல தொழில்கள் இருந்தாலும் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது அல்போன்சா மாம்பழம்தான். அந்த ஊர்க்காரர்கள் ஹாபூஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் குண்டு, காதர் என்ற பெயர்களில் அறியப்படும் ரகமும் இதுவே. 60,000 ஹெக்டேருக்கு மேல் அங்கே மா நிற்கிறது.

இவ்வளவு நிலத்திலிருந்து வரும் விளைச்சல் மட்டும் மிகக் குறைவு. கொங்கணில் ஹெக்டேருக்குச் சராசரியாக 2 முதல் 3 டன். நாட்டின் சராசரியில் பாதிகூட எட்டுவதில்லை. அப்படியிருந்தும் தோட்டங்கள் நிலைக்கின்றன என்றால் விலைதான் காரணம். அந்த விலையோ வாரத்துக்கு வாரம் சரிகிறது. பிப்ரவரியில் நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தையில் இறங்கும் முதல் பெட்டிகளுக்குக் கிடைக்கும் தொகை, மே கடைசியில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. ஜூன் முதல் பாதியில் தென்மேற்குப் பருவமழை வந்து விழுந்ததும் மரத்தில் மிச்சம் இருக்கும் பழத்தை யாரும் பெட்டியில் அடுக்க மாட்டார்கள். பிஞ்சு பிடித்ததிலிருந்து பறிப்பு வரை 110 முதல் 120 நாள் ஆகும். டிசம்பரில் பூத்து ஜனவரி தொடக்கத்தில் பிஞ்சு பிடித்தால் ஏப்ரல் கடைசிக்குள் பணம் கைக்கு வரும். பிப்ரவரியில் பூத்ததோ மழையின் வாயில் போய் நிற்கும். ரத்னகிரித் தோட்டத்தில் நடக்கும் எந்த வேலையைப் பார்த்தாலும், அது பூப்பதை முன்னுக்கு இழுக்கவோ, பூத்ததைக் காப்பாற்றவோ செய்யும் வேலையாகத்தான் இருக்கும்.

பாறையில் குழி

மாவட்டத்தின் மேட்டு நிலமெல்லாம் செம்பூராங்கல். கேரளத்தில் வெட்டுக்கல் என்று அறுத்து வீடு கட்டுகிறார்களே, அதே வகைக் கல். இங்கே ஜாம்பா என்பார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதத்தில். நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல்லில் தண்ணீர் நிற்பதில்லை. மழை ஓய்ந்த சில வாரங்களிலேயே வேர்ப்பகுதி காய்ந்துவிடுகிறது. நெல்லுக்கு இது கேடு. மாமரத்துக்கு இதுவே பூக்கச் சொல்லும் முதல் உத்தரவு. ஈரம் குறைந்ததும் மரம் புதுத் தளிர் விடுவதை நிறுத்துகிறது, இருக்கும் கிளைநுனிகள் முற்றுகின்றன, முற்றிய நுனியில்தான் பூ வரும். ஆழமான மண் உள்ள உட்பகுதித் தாலுகாக்களில் மரம் செழிப்பாக இருக்கும், ஆனால் பூ தள்ளிப் போகும். கடலை ஒட்டிய பாறைத் தோட்டங்களின் பழம் முதலில் சந்தைக்கு வருவதற்கு முக்கியக் காரணம் இது.

ஆனால் பாறையில் மரம் வைப்பது பெரிய செலவு. வழக்கமான இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஹெக்டேருக்கு 100 மரம். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். மண் நிலத்தில் இதைக் கடப்பாரையால் முடிக்கலாம். வெறும் பாறைப் பரப்பில் முன்பு வெடி வைத்தார்கள், இப்போது பாறை உடைக்கும் இயந்திரம் வருகிறது. உடைத்த குழியில் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணும் தொழு உரமும் சூப்பர் பாஸ்பேட்டும் நிரப்ப வேண்டும். குழியின் அடித்தட்டு விரிசல் இல்லாத கல்லாக இருந்தால் முதல் மழைக்காலத்திலேயே அது தொட்டியாகி, கன்று அழுகிவிடும். ஆகவே குழி வெட்டியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மண் போடுவது நல்லது. இறங்காவிட்டால் சரிவுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும்.

இந்தச் செலவைத் தனி விவசாயி தாங்கியிருக்க முடியாது. மகாராஷ்டிர அரசு 1990-இல் வேலை உறுதித் திட்டத்தோடு தோட்டக்கலையை இணைத்து, குழி வெட்டவும் கன்று வாங்கவும் முதல் மூன்றாண்டு பராமரிக்கவும் பணம் கொடுத்தது. கொங்கணில் இன்று காய்க்கும் மரங்களில் பெரும் பங்கு அந்தத் திட்டத்துக்குப் பிறகு வைத்தவை. பொது வேலைத் திட்டங்களால் நிலைத்த சொத்து உருவாகாது என்று சொல்பவர்கள் ஒருமுறை இந்தப் பாறைமேடுகளைப் பார்க்க வேண்டும்.

கன்று கிடைப்பதும் ஒரு காலத்தில் எளிதாக இல்லை. தாய்மரத்தின் கிளையை வளைத்துத் தொட்டிச் செடியோடு சேர்த்துக் கட்டும் பழைய முறையில் ஒரு கன்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தாபோளியில் 1972-இல் தொடங்கிய கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய கொட்டை ஒட்டு முறை அதை மாற்றியது. ஜூன், ஜூலையில் புதிதாக எடுத்த மாங்கொட்டையை விதைக்கிறார்கள். முளைத்து 10 முதல் 15 நாளான, இலை இன்னும் செம்பு நிறத்தில் இருக்கும் நாற்றை 6 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, தண்டின் நடுவே 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்கிறார்கள். ஒட்டுக்குச்சி மூன்று நான்கு மாதம் முற்றிய கிளைநுனி. 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், நாற்றின் தண்டுப் பருமனே இதற்கும் இருக்க வேண்டும். வெட்டுவதற்கு எட்டுப் பத்து நாள் முன்பே இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டுவைத்தால் நுனி மொட்டு பருத்துத் தயாராகும். அடியை ஆப்பு மாதிரி சீவிப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டினால் மூன்று வாரத்துக்குள் துளிர் வரும். காற்றில் ஈரம் நிறைந்த ஜூலை, ஆகஸ்டில் நன்றாகப் பிடிக்கும். நாற்று பச்சை இலைக்கு மாறிய பின் ஒட்டினால் தோல்வி அதிகம். தண்டு கடினமாகி, வெட்டுவாய் கூடுவதற்குள் குச்சி காய்ந்துவிடும். நட்ட பிறகு ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை விடாமல் கிள்ளிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஐந்தாறு வருடம் கழித்துக் காய்ப்பது ஏதோ ஒரு நாட்டு மாங்காயாக இருக்கும்.

பூக்க வைப்பது

அல்போன்சாவின் பெரிய குறை, ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பது. காய்த்த கிளைநுனி களைத்துப்போய், அடுத்த பருவத்துக்குள் புதுத் தளிர் விட்டு முற்ற நேரம் போதாமல் போகிறது. மழைக்காலத்தில் உடலில் ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சிச் சுரப்பு மிகுந்து மரம் இலையாகவே தள்ளுகிறது. இந்தச் சுரப்பு உருவாவதைத் தடுக்கும் மருந்து பேக்லோபியூட்ரசால். கடைகளில் கல்டார் என்று கேட்டால்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவானது. மரத்துக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும், திடமாக இருக்க வேண்டும். ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 15-க்குள் கொடுக்க வேண்டும். கவிகையின், அதாவது கிளைகள் குடைபோல விரிந்த பரப்பின், குறுக்களவை மீட்டரில் அளந்து, மீட்டருக்கு 3 மி.லி. என்ற கணக்கில் எடுக்க வேண்டும். 8 மீட்டர் விரிந்த மரத்துக்கு 24 மி.லி. அதை 3 முதல் 6 லிட்டர் தண்ணீரில் கலந்து, அடிமரத்துக்கும் கவிகை விளிம்புக்கும் நடுவழியில் வட்டமாக 25, 30 துளைகள் போட்டு, 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழத்தில் சமமாக ஊற்றி மண்ணால் மூட வேண்டும். முதலில் களை எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்லின் வேர் மருந்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பெருமழை நாளில் ஊற்றினால் ஓடிப்போகும். மண் காய்ந்த பிறகு ஊற்றினால் வேர் அதை உறிஞ்சாது. இப்படிச் செய்த மரம் மூன்று நான்கு வாரம் முன்னதாகப் பூக்கும், ஆண்டுதோறும் ஓரளவு காய்க்கும்.

தவறு நடப்பது அளவில்தான். கொங்கணில் பல தோட்டங்கள் ஒன்று முதல் மூன்று ஆண்டுக் குத்தகையில் போகின்றன. குத்தகை எடுத்தவருக்கு அந்த மூன்று வருடக் காய்ப்புதான் கணக்கு. பரிந்துரையின் இருமடங்கு, மும்மடங்கு ஊற்றுவார். பூங்கொத்து நீளாமல் சுருண்டு உருண்டையாகி, அதன் உள்ளே பூச்சியும் பூஞ்சையும் தங்கும். தளிர் வராது, கிளைநுனி பின்னோக்கிக் காயும், அடிமரத்தில் பிசின் வழியும். மருந்து மண்ணில் நெடுநாள் தங்குவதால், குத்தகை முடிந்து தோட்டம் உடையவர் கைக்குத் திரும்பிய பிறகும் கெடுதல் தொடரும். இதைத் தடுக்க எளிய வழி, குத்தகைப் பத்திரத்திலேயே மருந்தின் அளவையும், ஊற்றும்போது உடையவரோ அவர் ஆளோ உடனிருக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்வது. எழுதாத குத்தகைகள் இன்னும் நிறைய.

மருந்து கொடுத்த மரத்துக்குச் சாப்பாடும் கூடுதலாக வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஜூன் தொடக்கத்தில் 50 கிலோ தொழு உரம், 3 கிலோ யூரியா, 3 கிலோ ஒற்றை சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாசியம் சல்பேட் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. கவிகை விளிம்புக்குச் சற்று உள்ளே வட்டப் பள்ளம் வெட்டி இட்டு மூடுவார்கள். அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவது பயனில்லாத வேலை. உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் அங்கே இருப்பதில்லை.

மண் காய்ந்தது, கிளை முற்றியது, மருந்தும் வேலை செய்தது. இனி வேண்டியது இரவுக் குளிர். நவம்பர், டிசம்பரில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கி இரண்டு வாரமாவது நிலைத்தால் மொட்டு விரியும். கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே கடுங்குளிர் வருவதில்லை. நல்லதுதான், ஆனால் நவம்பரில் மேகம் சூழ்ந்து இரவு வெதுவெதுப்பாக இருந்தால் பூக்க வேண்டிய நுனி தளிராக மாறிவிடும். அந்தத் தளிர் முற்றிப் பூக்கப் பிப்ரவரி ஆகும். அண்மை ஆண்டுகளில் நவம்பர், டிசம்பரில் பெய்யும் பருவம் தப்பிய மழை செய்யும் பெரிய சேதம் இதுதான். பூ உதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது, காலண்டர் இரண்டு மாதம் தள்ளிப்போவது ஏப்ரலில் வெறும் பெட்டியைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. இழப்பீட்டுக் கணக்கெடுப்பிலும் உதிர்ந்ததைத்தான் எண்ணுகிறார்கள்.

குளிர் கூடினாலும் தொல்லை. மாவின் பூங்கொத்தில் ஆண்பூவும் இருபால்பூவும் கலந்திருக்கும்; காயாவது இருபால்பூ மட்டுமே. கடும் குளிரில் விரியும் கொத்தில் ஆண்பூவே மிகுதி. ஆயிரக்கணக்கான பூ உள்ள கொத்தில் ஒரு காய்கூட நிற்காமல் போவது அதனால்தான். இன்னொன்று மறுபூப்பு. ஜனவரியில் பட்டாணி அளவுப் பிஞ்சு தொங்கும்போது மீண்டும் குளிர் அடித்தால், அதே நுனியிலிருந்து மரம் புதுப் பூங்கொத்தைத் தள்ளும். உணவெல்லாம் புதுப் பூவுக்குப் போய், இருந்த பிஞ்சு உதிரும். முன்பருவக் காயை இழந்து, பின்பருவக் காயை வாங்கும் நட்டக் கணக்கு. இதற்கு ஜிப்பரெலிக் அமிலத்தை லட்சத்துக்கு ஐந்து பங்கு வீதம், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம், பூ முழுதாக மலர்ந்தபோது ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்கச் சொல்கிறார்கள். ஆகஸ்டில் எந்தச் சுரப்பைத் தடுத்தோமோ அதையே ஜனவரியில் வெளியிலிருந்து கொடுக்கிறோம். முரணாகத் தோன்றினாலும் காரணம் ஒன்றுதான்: அது இருந்தால் மரம் பூக்காது.

பூ மலர்ந்தும் காய் பிடிக்காத தோட்டங்களில் இன்னொரு குறையைத் தேட வேண்டும். அல்போன்சாவின் மகரந்தம் அல்போன்சாவுக்கே சரியாகச் சேர்வதில்லை. பத்து மரத்துக்கு ஒன்றாவது கேசர், ரத்னா போன்ற வேறு ரகம் இருந்தால் பிடிப்பு கூடும். பேராசையால் தோட்டம் முழுதும் ஒரே ரகம் வைத்தவர்கள் இப்போது பழைய மரங்களின் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டுகிறார்கள். மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களும். பூ முழுதாக விரிந்த நாள்களில் பூச்சிமருந்து அடித்தால் அவை சாகும், காயும் சாகும்.

பூச்சி, வெயில், தண்ணீர்

தத்துப்பூச்சிதான் முதல் எதிரி. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற பிசுபிசுப்பில் கரும்பூஞ்சை படர்ந்து இலை கறுக்கும். கூடவே பனியும் மேகமும் உள்ள நாள்களில் சாம்பல் நோய் வந்து பூவை வெள்ளையாகப் பூசிவிடும். அண்மை ஆண்டுகளில் இலைப்பேன் பெருகிப் பிஞ்சின் தோலைச் சுரண்டுகிறது. அந்தப் பழம் சுவையில் குறையாவிட்டாலும் சொரசொரப்பான தோலால் முதல் தரத்திலிருந்து விழுந்துவிடும். பல்கலைக்கழக அட்டவணைப்படி பூ வருமுன் தொடங்கி ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு தெளிப்பு. நடைமுறையில் பத்து, பன்னிரண்டு வரை அடிப்பவர்கள் உண்டு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதாலும், இரண்டு மூன்றைக் கலந்து அடிப்பதாலும் இலைப்பேனைத் தின்னும் பூச்சிகள் அழிந்து, இலைப்பேன் மட்டும் மிஞ்சுகிறது. தெளிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட மரத்தின் நடுக்கிளைகளை வெட்டிக் கவிகைக்குள் வெயில் விழச் செய்வதே அதிகம் உதவும். முப்பது நாற்பது வயதான தோட்டங்களில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி உள்ளே இருட்டாகக் கிடக்கின்றன; பூச்சிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கே கவாத்துக்கு யாரும் அவசரப்படாததன் காரணம், வெட்டிய மரம் இரண்டு மூன்று வருடம் காய்க்காது என்பதே.

பிஞ்சு நின்ற பிறகு, பட்டாணி அளவு, கோலி அளவு, முட்டை அளவு ஆகிய மூன்று கட்டத்திலும் ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் தெளித்தால் உதிர்வு குறையும். பெரும்பாலான தோட்டங்கள் மானாவாரி. தண்ணீர் வசதி உள்ளவர்கள் மரத்துக்கு 150 முதல் 200 லிட்டர் வீதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று நான்கு தடவை விட்டு, அடியில் காய்ந்த புல்லை மூடாக்காகப் பரப்புகிறார்கள். பிஞ்சு பிடிக்குமுன் தண்ணீர் விடுவது தவறு. பூவைத் தூண்டிய வறட்சி கலைந்து மரம் தளிர்க்கத் தொடங்கும். பறிப்புக்கு முந்தைய மூன்று வாரம் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

மார்ச்சில் காற்று கிழக்கிலிருந்து வீசும் நாள்களில் கடற்காற்றின் குளிர்ச்சி மறைந்து வெயில் 37, 38 டிகிரியைத் தாண்டும். அப்போது முட்டை அளவுக் காய்கள் பொலபொலவென உதிரும். தெற்கு, மேற்குப் பக்கம் தொங்குபவற்றின் தோல் வெந்து பழுப்புத் தழும்பாகும். இதற்குக் கைமருந்து எதுவும் இல்லை. பழத்துக்குத் தாள் உறை போடுவது தழும்பையும் பழ ஈயையும் தடுக்கிறது, ஆனால் உயர்ந்த பழைய மரத்தில் எத்தனை காய்க்கு உறை கட்ட முடியும்? குட்டை மரங்களை நெருக்கமாக வைக்கும் புதுத் தோட்டங்களுக்கே அது பொருந்தும். பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி, ஹெக்டேருக்கு நான்கு, பறிப்புக்கு முன்பிருந்தே தொங்க வேண்டும். குரங்கு தனித் தொல்லை.

புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரபிக் கடல் முன்பு அவ்வளவாகப் புயல் தந்ததில்லை. 2020 ஜூன் 3-இல் கரையேறிய நிசர்கா, மாவட்டத்தின் வடக்கே மண்டண்கட், தாபோளி தாலுகாக்களில் மரங்களையே வேரோடு சாய்த்தது. அடுத்த ஆண்டு மே நடுவில் கரையை உரசிக்கொண்டு போன டவ்தே, பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது காயைக் கொட்டியது. காய் போனால் ஓராண்டு நட்டம். மரம் போனால், மறுபடி வைத்துப் பழைய விளைச்சலுக்கு வரப் பதினைந்து ஆண்டாவது ஆகும். பாறைக் குழியில் வளர்ந்த மரத்தின் வேர் ஆழம் போகாததால் சாய்வதும் எளிது.

14 அணா

பறிக்கும் பக்குவத்தை அங்கே அணாவில் சொல்வார்கள். 16 அணா என்றால் முழு முதிர்ச்சி. பறிக்க வேண்டியது 14 அணாவில். காம்பைச் சுற்றியுள்ள தோள்கள் காம்புக்கு மேலே எழும்பி, காம்பு சிறு பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். கரும்பச்சை வெளிறியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, மிதந்தால் பிஞ்சு. முந்திப் பறித்தால் பழம் சுருங்கிப் புளிக்கும். விலை இறங்குமுன் அனுப்பிவிடும் அவசரத்தில் 12 அணாவிலேயே பறிப்பது மார்ச் மாதத்தின் பெரிய கேடு. அந்தப் பெட்டியை வாங்கி ஏமாந்தவர் ஏப்ரலில் நல்ல பழத்தையும் நம்ப மாட்டார்.

பிந்திப் பறித்தால் வருவது சாக்கா. வெளியே மாசுமறுவில்லாத பழம், அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளிறிய, பஞ்சு போன்ற, புளித்த வாடை அடிக்கும் சதை. அல்போன்சாவைப் பிடித்த இந்தக் கோளாறு மூன்றில் ஒரு பழத்தைக்கூடப் பாதிக்கும் ஆண்டுகள் உண்டு. இது நோயோ பூச்சியோ அல்ல. மாங்கொட்டைக்கு உறக்கப் பருவம் கிடையாது. பழம் மரத்தில் முற்ற முற்ற, கொட்டை முளைக்கும் ஆயத்தத்தில் இறங்கிச் சுற்றியுள்ள சதையை உறிஞ்சத் தொடங்குகிறது என்பதே ஆய்வாளர்கள் காட்டும் விளக்கம். வெயிலில் சுட்ட தரையிலிருந்து எழும் வெப்பம் இதை விரைவுபடுத்தும். ஆகவே 14 அணாவைத் தாண்டவிடாமல் பறிப்பது, மரத்தடியில் மூடாக்குப் போடுவது, பறித்ததை ஒரு நிமிடமும் வெறுந்தரையில் வைக்காமல் நிழலுக்குக் கொண்டுபோவது ஆகியவைதான் தடுப்பு. பெரிய பழத்தில்தான் இது அதிகம். கூடுதல் விலை கொடுத்து இருப்பதிலேயே பெரிய பழமாகப் பார்த்து வாங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். 250 கிராம் அளவு போதும்.

பறிக்கும் கருவி, நீண்ட கழியின் நுனியில் கத்தியும் வலைப்பையும் கொண்ட தொரட்டி. காம்பு 3 முதல் 5 சென்டிமீட்டர் பழத்தோடு வர வேண்டும். காம்பு அடியோடு முறிந்தால் பால் வழிந்து தோலைக் கருக்கும், அந்த வாய் வழியாக அழுகலும் நுழையும். காலை பத்து மணிக்குள், அல்லது மாலை நான்குக்கு மேல். தரையில் விழுந்தது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பெட்டிக்குப் போகக் கூடாது. அது கூழ் ஆலைக்கு.

இந்த வேலைகளைப் பெரும்பாலும் செய்பவர்கள் நேபாளத்திலிருந்து வருகிறவர்கள். மழை முடிந்ததும் குடும்பத்தோடு வந்து, தோட்டத்துக் குடிசையில் தங்கி, காவல், தெளிப்பு, பறிப்பு, சுமை எல்லாம் பார்த்து, ஜூனில் திரும்புகிறார்கள். உள்ளூர் ஆண்கள் தலைமுறைகளாக மும்பைக்குப் போய்விட்டார்கள். 2011 கணக்கில் ஆயிரம் ஆண்களுக்கு 1,122 பெண்கள். போனவர்களின் பெயர்கள் நிலப் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரே தோட்டத்துக்கு இருபது முப்பது பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் மண்டிக்காரரின் முன்பணம் வருகிறது. முன்பணம் வாங்கியவர் பழத்தை அந்த மண்டிக்கே அனுப்ப வேண்டும், விலையும் அங்கே சொல்வதுதான். 2020 ஊரடங்கில் மொத்தச் சந்தை தடுமாறியபோது பலர் மும்பை, புனே வீடுகளுக்கு நேரடியாகப் பெட்டி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். முன்பணத்தில் சிக்காதவர்களுக்கு அது நிலையான வழியாகிவிட்டது.

பழுப்பதும் பெயரும்

பறித்த காயை வைக்கோல் பரப்பி அடுக்கினால் பத்துப் பதினைந்து நாளில் தானே பழுக்கும். அறையில் மில்லியனுக்கு 100 பங்கு வரை எத்திலீன் வாயு விட்டு விரைவாகப் பழுக்க வைப்பதற்கு அனுமதி உண்டு. கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை. கல் போட்ட பழம் மேலே சீராக மஞ்சளாகி உள்ளே வெள்ளையாக, மணமின்றி இருக்கும். வைக்கோலில் பழுத்த அல்போன்சாவின் மணம் மூடிய பெட்டிக்கு வெளியே வரும்.

வெளிநாட்டுக்குப் போவது மொத்தத்தில் சிறு பங்கு. பழ ஈயின் முட்டை போகக் கூடாது என்பதால் நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்கா 2007-இல் மீண்டும் கதவைத் திறந்தபோது 400 கிரே கதிர்வீச்சைக் கட்டாயமாக்கியது. ஜப்பானுக்கு நீராவிச் சூடு. பழ ஈ பிடிபட்டதால் 2014 மே முதல் தடை விதித்த ஐரோப்பிய ஒன்றியம் 2015 தொடக்கத்தில் அதை விலக்கியது. அங்கே போகும் பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். முதிர்ச்சி குறைந்த காயை இப்படி வெந்நீரில் வைத்தால் தோல் புள்ளி விழுந்து, பிறகு பழுக்காமலே வாடும். 12 அணாப் பறிப்பு இங்கேயும் வந்து நிற்கிறது.

உள்நாட்டில் பெரிய சிக்கல் பெயர்க் கலப்படம். கர்நாடகத்திலும் கிருஷ்ணகிரியிலும் இதே ரகம் விளைகிறது; ரகத்தில் பொய் இல்லை, ஆனால் மண்ணும் காற்றும் வேறு, தோல் தடிப்பும் மணமும் வேறு. நவம்பர், டிசம்பரில் ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்தும் அல்போன்சா வருகிறது. அதை மலாவி என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. ரத்னகிரி அச்சிட்ட பெட்டியில் வேறு ஊர்ப் பழத்தை அடுக்குவதுதான் மோசடி. ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்கட், தாணே, பால்கர் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு 2018 அக்டோபரில் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவுபெற்ற விவசாயிகள் மட்டுமே அந்தக் குறியைப் பயன்படுத்தலாம். சட்டம் சரி, ஆனால் அட்டைப் பெட்டி அச்சகத்தில் யாரும் எதையும் அச்சிட்டு வாங்கலாம் என்கிற நிலையில், தோட்டம் வரை தேடிப் போகக்கூடிய குறியீடு பெட்டியில் இருந்தால் மட்டும் கூடுதல் விலை கொடுப்பதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

சாக்காவும் இல்லாமல் ஆண்டுதோறும் காய்க்கவும் செய்யும் ரகத்தைத் தேடிய கொங்கண் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நீலத்தைத்தான் துணைக்கு அழைத்தார்கள். நீலத்தையும் அல்போன்சாவையும் கலந்து 1981-இல் ரத்னா வெளிவந்தது; நார் இல்லை, சாக்கா இல்லை, பழமும் பெரிது. ரத்னாவை மறுபடி அல்போன்சாவோடு சேர்த்து 1992-இல் வந்த சிந்துவில் கொட்டை தாள் போல மெலிந்துவிட்டது. இரண்டுமே நல்ல பழங்கள். ஆனால் வாஷியில் ஏலம் எடுப்பவர் அல்போன்சா என்ற பெயருக்குத்தான் பணம் தருகிறார் என்பதால், ரத்னகிரியில் அவை பெரும்பாலும் தோட்டத்துக்குப் பத்தில் ஒன்றாக, மகரந்தம் கொடுப்பதற்காக நிற்கின்றன.